அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த 7

போன ஐப்பசியில் என் அம்மா பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதில் பதினொரு நாள் ஐசியூ, எட்டு நாள் வாயில் குழாய். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஜங்ஷனில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதும் வேலை எனக்கு. கையெழுத்துப் போடுவது, பணம் புரட்டுவது, டாக்டர் முன்னால் நின்று கேட்பது என்று எல்லாமே நான் ஒருத்தியாகத்தான் செய்தேன். தெரியாத்தனத்தால் பணம் போனது, அதைவிட அம்மாவை இரண்டாவது தடவையும் சேர்க்க வேண்டி வந்தது. இரண்டாவது தடவை அவளைப் படுக்க வைத்தது நோய் இல்லை, நாங்களே கையால் கொடுத்த வைட்டமின் டி மருந்து. முன்னமே ஒருத்தர் சொல்லியிருந்தால் தப்பித்திருப்போமே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை பத்து வருஷமாக. பதினாறு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். ஊறவைத்த இலையை அளவு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, ஆயிரம் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். காலை நீட்டி, மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடுக்கூடத்தில்தான் உட்காருவாள். முற்றத்தில் உட்கார முடியாது. காற்றடித்தால் தூள் பறக்கும், வெயில் பட்டால் இலை காய்ந்து நொறுங்கும். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் வாசலைப் பார்ப்பாள். பீடிக்கடைக்குப் போவதும் வெயில் தாழ்ந்த பிறகுதான். இதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இதில் ஒரு குறைபாடு ஒளிந்திருக்கிறது என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

இரண்டு வருஷமாக அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "காலு ரெண்டும் உளையுதுளா. தொடையில வலுவே இல்ல. தரையில இருந்து எந்திரிக்க சொவத்தப் பிடிக்க வேண்டியிருக்கு." நான் வயசு என்று நினைத்தேன், சர்க்கரை என்று நினைத்தேன். அவள் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். சுவரில் அவள் கைவைத்து எழுந்திருக்கும் இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, கை அளவுக்கு ஒரு கருத்த தடம் விழுந்திருந்தது. ஐசியூவிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். அந்தத் தடத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். தரையிலிருந்தோ தாழ்வான ஸ்டூலிலிருந்தோ எழத் திணறுவது, படி ஏறும்போது தொடை ஒத்துழைக்காமல் போவது, எலும்பை அழுத்தினால் வலிப்பது, இதெல்லாம் வைட்டமின் டி மிகவும் குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் வீட்டில் பெரியவர்கள் யாராவது சுவரைப் பிடித்து எழுகிறார்கள் என்றால், வயசு என்று விட்டுவிடாமல் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஐப்பசி மழையில் மூன்று நாள் காய்ச்சல், இருமல். நாலாம் நாள் சாயங்காலம் சித்தி போன் பண்ணினாள், "அக்கா பேசுதது சரியில்ல, என்னத்தையோ உளறுதா" என்று. நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, உதடு வெளுத்திருந்தது. நான் செய்த முதல் தப்பு அங்கேதான். 108-ஐக் கூப்பிடாமல், சீக்கிரம் போய்விடலாம் என்று வாடகைக் காரைப் பிடித்தேன். வழி முழுக்க ஆக்சிஜன் இல்லாமல் அவள் என் தோளில் சாய்ந்து கிடந்தாள். 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கும், கூட ஒரு ஆள் நாடியைப் பார்த்துக்கொண்டே வருவார். காசும் கிடையாது. மூச்சுத் திணறலோடு உளறலும் சேர்ந்துவிட்டால் கார் பார்க்காதீர்கள்.

இரண்டாவது தப்பு, பதற்றத்தில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. உள்ளே போனதும் முப்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். நிமோனியா, அது ரத்தத்தில் பரவி பிரஷர் இறங்கிவிட்டது, கிட்னியும் அடி வாங்குகிறது என்றார்கள். மறுநாள் ராத்திரி வெண்டிலேட்டர் போட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இல்லை என்பது நாலாம் நாள் நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. நான் கேட்கிற வரைக்கும் யாரும் சொல்லவில்லை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிற திட்டம் அது. அட்டை இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஊரிலிருந்து போகக்கூடிய தூரத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் அது செல்லும் என்பதை எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கேட்டு, அட்டையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு விசாரிக்க வாய் வராது.

மூன்றாம் நாள் காலையில் டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டே போனார். லாக்டேட் கூடுதல், கிரியாட்டினின் கூடுதல், பிளேட்லெட் குறைவு, அல்புமின் குறைவு. கடைசியில் "வைட்டமின் டி ரொம்பக் கம்மி, 7தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மற்ற வார்த்தை எதுவும் எனக்குப் புரியவில்லை. வைட்டமின் டி மட்டும் புரிந்தது. தெரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளத்தானே மனசு பார்க்கும். 20-க்குக் கீழே போனாலே குறைவு, 12-க்குக் கீழே என்றால் மிகவும் குறைவு என்று போனில் படித்தேன். ஒரு மில்லி ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று அதற்குக் கணக்கு. அன்று ராத்திரி ஐசியூ வாசலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு விடிய விடியத் தேடினேன். டி குறைவாக இருக்கிற ஐசியூ நோயாளிகளுக்கு நோய் தீவிரமாக இருக்கிறது, அதிக நாள் வெண்டிலேட்டரில் இருக்கிறார்கள், அதிகம் பேர் பிழைப்பதில்லை என்று படித்தேன். அது பொய் இல்லை, பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆனால் நான் அதை எப்படி வாசித்தேன் என்றால், சுவரைப் பிடித்து எழுந்தவளை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததால்தான் அவள் இப்படிக் கிடக்கிறாள், இப்போது அந்த ஒன்றை ஏற்றிவிட்டால் எழுந்துவிடுவாள் என்று வாசித்தேன். இரண்டுமே தப்பு.

மறுநாள் ஒரு சொந்தக்காரர் சொன்ன யோசனையில் வெளியே மெடிக்கலில் 6 லட்சம் யூனிட் டி ஊசி இரண்டு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். இதைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்த பெரிய டாக்டர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொல்லி, ஐந்து நிமிஷம் பேசினார். அந்த ஐந்து நிமிஷம்தான் அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. "டி குறைஞ்சதாலதான் இந்த நிலைமைன்னு சொல்ல முடியாதும்மா. உங்க அம்மாவுக்கு முன்னாடியே குறைவாத்தான் இருந்திருக்கும். ஆனா இப்போ உடம்பு இருக்கிற நிலைமையிலயும் அது இறங்கும். இதத் தசையில போடணும். பிளேட்லெட் இறங்கிக் கிடக்கிறப்போ தசையில ஊசி போட்டா உள்ள ரத்தம் கட்டிக்கும். இப்போ அவங்களக் காப்பாத்துறது ஆன்டிபயாட்டிக்கும் ஆக்சிஜனும் பிரஷர ஏத்துற மருந்தும். டி-ய நாங்க மறக்கல, அதுக்கு நேரம் வரும்" என்றார்.

உடம்பின் நிலைமையால் டி எப்படி இறங்கும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரத்தத்தில் டி தனியாக மிதப்பதில்லை, ஒரு புரதம் அதைச் சுமந்துகொண்டு போகிறது. கடுமையான தொற்று வரும்போது அந்தப் புரதமும் அல்புமின் என்ற இன்னொரு புரதமும் குறைந்துவிடும். கூடவே, பிரஷர் இறங்கியவருக்கு முதல் சில மணி நேரத்திலேயே லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுவார்கள், ரத்தம் நீர்த்துப்போகும். ஆக, டெஸ்ட் காட்டுகிற எண்ணில் கொஞ்சம் பழைய குறைபாடு, கொஞ்சம் இன்றைய நோயின் தீவிரம், இரண்டும் கலந்திருக்கும். குழம்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு உப்பு பார்த்த கதைதான். அதோடு, தோலில் உண்டாகிற டி முதலில் கல்லீரலுக்குப் போய், அப்புறம் கிட்னிக்குப் போய்த்தான் வேலை செய்கிற வடிவத்துக்கு வருகிறது. அந்த இரண்டும் அடிபட்டுக் கிடக்கும்போது வெளியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் உடனே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் என்ற ஊரில் டி குறைந்த 492 ஐசியூ நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு 5,40,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு டி இல்லாத போலி மருந்து என்று கொடுத்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்கள் குறையவில்லை. டி 12-க்கும் கீழே இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அது ஒரு நம்பிக்கை, ஆனால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது என்று அவர்களே சொன்னார்கள். 2019-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், அதே 5,40,000 யூனிட்டை ஆரம்பத்திலேயே ஒரே தடவையாகக் கொடுத்தும் 90 நாளில் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. டி கொடுத்த பக்கம் நூற்றுக்கு 23.5, கொடுக்காத பக்கம் 20.6. இதைப் படித்தபோது என் நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அந்த ஊசியைப் போடாததால் அம்மாவுக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. ஐசியூ வாசலில் நிற்கிற எத்தனையோ பேர் என்னைப் போல ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ஞானம் இல்லை. ஆறாம் நாள் அடம்பிடித்து டி-யை மறுபடியும் டெஸ்ட் எடுக்க வைத்தேன், 1,400 ரூபாய். 7 இருந்தது 6 ஆகியிருந்தது. அதைப் பார்த்து இன்னும் அழுதேன். ரத்தத்தில் இருக்கிற டி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து எதுவும் கொடுக்காமல் மூன்று நாளில் எடுத்த டெஸ்ட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்த வித்தியாசம் சலைனாலும் இருக்கும், மெஷினாலும் இருக்கும். மருந்து ஆரம்பித்தாலும் மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும்.

அப்போ தினமும் எதைக் கேட்டிருக்க வேண்டும்? இதை ஒரு நர்ஸ் தங்கச்சி சொல்லிக்கொடுத்தாள். "அக்கா, நீங்க அந்த டி-யையே கேட்டுட்டு இருக்காதீங்க. ஆக்சிஜன் எத்தனை பெர்சண்ட் போகுது, பிரஷர ஏத்துற மருந்து எவ்வளவு ஓடுது, ஒண்ணுக்கு எவ்வளவு போச்சு, இந்த மூணையும் தினம் ஒரே நேரத்துல கேட்டு எழுதுங்க" என்றாள். டாக்டர்கள் நுரையீரல், பிரஷர், கிட்னி, கல்லீரல், மூளை, ரத்தம் உறைவது என்று ஆறு இடத்துக்கும் 0 முதல் 4 வரை மார்க் போட்டுக் கூட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு சோஃபா ஸ்கோர் என்று பேர். அதிகபட்சம் 24. கூடக்கூட நிலைமை மோசம். அம்மாவுக்கு முதல் நாள் 11 இருந்தது. ஒரு நாள் எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம் என்றாள் அந்தத் தங்கச்சி. கடைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். மெஷினிலிருந்து கொடுக்கிற ஆக்சிஜன் 70, 60, 60, 50. அது இறங்க இறங்க நல்லது. கணக்கெழுதுகிற கைக்கு அது ஒரு ஆறுதல். அழுகை நின்று, கேட்கிற கேள்விக்கு ஒரு உருவம் வந்தது. டாக்டர்களும் அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகு என்னிடம் கொஞ்சம் நின்று பேசினார்கள்.

ஆறாம் நாளுக்குள் 2,14,000 ரூபாய் ஆகியிருந்தது. என் ஐந்து பவுன் செயின் அடகுக்குப் போயிருந்தது. இனி முடியாது என்று சொன்னேன். வெண்டிலேட்டரோடு நோயாளியை மாற்ற அதற்கென்று உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும், 8,500 ரூபாய். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே என்ன கவனிப்பு இருக்கும் என்று பயந்துகொண்டேதான் போனேன், அந்தப் பயத்தால்தான் முதல் நாளே போகாமல் விட்டேன். கூட்டம் உண்டு, வாசலில் படுக்கத் தரை கிடைக்காது, யாரும் குழைந்து பேச மாட்டார்கள். ஆனால் வைத்தியம் நடந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கம்மிப்போய் அம்மா கேட்ட முதல் வார்த்தை, "இலை நனைஞ்சிருக்கும், யாரு வெட்டுதா?" என்பது. அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இதுவரைக்கும் சொன்னது ஊரில் பலருக்கும் நடப்பதுதான். இனிமேல் சொல்லப்போவதை தயவுசெய்து நின்று படியுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று ஒன்பது மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 60,000 யூனிட் டி, பாக்கெட்டில் வருகிற பொடி. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். சீட்டில் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மற்ற எட்டும் தினமும் போடுவது. நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும், பதினேழு நாள் சம்பளம் போயிருந்தது. அம்மாவை முக்கூடலில் சித்தியிடம் விட்டு, மருந்துகளை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு, "இது காலையில, இது ராத்திரி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். டி பாக்கெட்டைப் பற்றி, "பாலில் கலந்து குடு" என்று சொன்னது நினைவிருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று சொன்னேனா என்று எத்தனை தடவை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. சித்தி தினமும் ராத்திரி பாலில் கலந்து கொடுத்தாள். எட்டு பாக்கெட்டும் எட்டே நாளில் தீர்ந்தது. சித்தி காலி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மெடிக்கலில் காட்டினாள், அங்கே சீட்டுக்கூடக் கேட்காமல் கொடுத்தார்கள். வைட்டமின்தானே. சத்து மருந்துதானே. கூடவே கால்சியம் மாத்திரையும் தினமும் போய்க்கொண்டிருந்தது.

முதல் மூன்று வாரம் அம்மா தேறித்தான் வந்தாள். நாலாவது வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். மலச்சிக்கல். ஓயாத தாகம், ராத்திரி ஐந்தாறு தடவை ஒன்றுக்கு எழுந்திருப்பது. சர்க்கரை கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கூட்டினோம். ஐந்தாவது வாரம் வாந்தி, அப்புறம் மறுபடியும் அந்த உளறல். சித்தி போனில் அழுதபோது எனக்கு கை கால் நடுங்கியது, நிமோனியா திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். இந்தத் தடவை 108-ஐக் கூப்பிட்டேன், நேரே ஹைகிரவுண்டு. ரத்தத்தில் கால்சியம் 13.8. பத்தரைக்குமேல் போகக்கூடாது. கிட்னி எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 2.9. வைட்டமின் டி 150-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் மருந்து டப்பாவைக் கொட்டச் சொன்னார். பாக்கெட்டை எடுத்துக் காட்டி, "இத எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். சித்தி, "தெனம் ராத்திரி பால்லதான் சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திட்டவில்லை. "மாசத்துல ரெண்டு மூணு பேர் இப்படி வாராங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

டி அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியமும் ஏறும், அது கிட்னியைப் பாதிக்கும். ஆறு நாள் சலைன். டி-யும் கால்சியமும் உடனே நிறுத்தம். கிட்னி மெல்ல மெல்லத் திரும்பியது, முழுசாகத் திரும்பவில்லை, கிரியாட்டினின் 1.4-இல் நின்றுவிட்டது. டி என்பது தண்ணீரில் கரைந்து ஒன்றுக்கில் போய்விடுகிற வைட்டமின் இல்லை. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் மெதுவாக வெளியே வரும். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் கால்சியம் பார்த்துக்கொண்டே இருந்தோம். சித்தி இன்னும் அதிலிருந்து மீளவில்லை. "டாக்டர் எழுதிக் குடுத்ததத்தான தாயி குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுவாள். தப்பு அவளுடையது இல்லை. படித்தவள் நான், சீட்டை வாசிக்கத் தெரிந்தவள் நான், ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

அதனால் இதைச் செய்யுங்கள். 60,000 யூனிட் பாக்கெட்டையோ மாத்திரையையோ மற்ற மருந்தோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். தனியாக, கை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் எந்தத் தேதியில் சாப்பிட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லா ஞாயிறும். நாட்காட்டியில் அதே தேதியில் வட்டம் போட்டு, கொடுத்ததும் அடித்துவிடச் சொல்லுங்கள். எட்டு முடிந்ததும் அவர்களாகப் புதிதாக வாங்கக்கூடாது. வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் நன்றாகச் சேரும். டி எடுக்கிற யாருக்காவது வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், மந்தம், உளறல் என்று வந்தால் டி மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்சியம் பாருங்கள். கிட்னிக் கோளாறு, கிட்னிக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நம்ம ஊர் வெயிலுக்கா டி குறையும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். திருநெல்வேலி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உண்மைதான். ஆனால் அது யார் மேல் படுகிறது? பீடி சுற்றுகிற பெண்கள் கூடத்துக்குள், ஜவுளிக் கடையில் நிற்கிற பிள்ளைகள் ஏசிக்குள், நான் கல்லாப் பெட்டிக்குப் பின்னால். கண்ணாடி வழியாக வருகிற வெயில் சூடு தருமே தவிர டி தராது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளவெயில் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இதமாக இருக்கும், ஆனால் அந்தக் கதிர் அப்போது மிகவும் குறைவு. ஏறக்குறைய பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில்தான் வேலை நடக்கும். நம் கருத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும், வயதானால் தோல் டி செய்கிற அளவும் குறையும். அதற்காக உச்சி வெயிலில் கிழவியை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடாதீர்கள், சித்திரையில் மயங்கி விழுந்துவிடுவார்கள். முகமும் கையும் காலும் படும்படி சில நிமிஷத்தில் ஆரம்பித்து, ஒத்துக்கொள்கிற அளவுக்குக் கூட்டலாம். சாப்பாட்டில் சாளை, அயிலை மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, இவற்றில் கொஞ்சம் உண்டு. சோறு, சாம்பார், கீரையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மிகவும் குறைந்துபோனவர்களுக்கு வெயிலும் மீனும் போதாது, மருந்துதான் வேண்டும், டாக்டர் சொன்ன அளவில்.

மொத்தக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். தனியார் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தேவையில்லாத ஊசி, தேவையில்லாத டெஸ்ட், வாடகைக் கார், சாப்பாடு, இரண்டு தடவையும் சேர்த்து இழந்த சம்பளம், எல்லாம் 2,61,000. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி கட்டி வருகிறேன். சுவரைப் பிடித்து எழ ஆரம்பித்த அன்றைக்கே கூட்டிப் போயிருந்தால் நிமோனியா வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தொடையில் வலு இருந்திருக்கும். இரண்டு வருஷம் வலியோடு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

இப்போது அம்மா ஆயிரம் சுற்றுவதில்லை, நானூறோடு நிறுத்திவிடுகிறாள். பதினொன்றரைக்கு சித்தி, "எக்கா, வெளிய வா" என்று கூப்பிடுவாள். இலையையும் சொளவையும் கூடத்திலேயே ஈரத் துணியால் மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்காருகிறார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது அம்மா முற்றத்துத் தரையிலிருந்து எழுந்தாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கி, சுவரைத் தொடாமல் எழுந்தாள்.